நீந்தி, ஏறி, ஓடினான்

ட்ரையத்லன் என்பது கிரேக்க வேரிலிருந்து ஆக்கப்பட்ட சொல். மூன்று என்னும் எண்ணுப்பெயரும், பரிசு குறித்த போட்டி என்னும் பொருளுடைய பெயரும் புணர்ந்து அமைந்தது. ஆயினும் பழங்கிரேக்கர் இவ்விளையாட்டை அறியார். அவர்கள் மொழியைக் கடன் வாங்கிப் பெயரிட்டவர் நம் காலத்து அமெரிக்கர். இதற்குத் தமிழில் 'நெடுமுப்போட்டி' என்றொரு பெயர் வழங்குகின்றது. சொல் கேட்க நன்றாய்த்தான் இருக்கின்றது. ஆனால் இதன் குறுகிய வகையைச் சொல்ல நேரும்போது 'குறுந்தூர நெடுமுப்போட்டி' என்று சொல்ல வேண்டி வரும். குறிலையும் நெடிலையும் ஒரே எழுத்தின் தலையில் ஏற்றியது போன்றது அது. கல்முனைக்கு அடுத்த ஊரான காரைதீவிலே பிறந்து, 1936 ஆம் ஆண்டு சென்னையில் கூடிய சொல்லாக்க மாநாட்டிலே தலைமையிருந்த விபுலாநந்த அடிகள் இன்று இருந்திருப்பின் இதற்கு ஒரு நல்ல சொல் தந்திருப்பார். அவர் இல்லாக் குறைக்கு 'மூவினைப் போட்டி' என்று யான் வழங்குகின்றேன். இதனினும் நல்ல சொல் கண்டவர் எழுதுவாராக.

மூவினை என்றமைக்கு ஒரு காரணம் உண்டு. நீந்துதல், துவிச்சக்கர வண்டி மிதித்தல், ஓடுதல் என்னும் மூன்றும் தனித்தனி விளையாட்டுகள் அல்ல. இடையறாது தொடர்ந்து வரும் வினைகள். 'நீந்தி, ஏறி, ஓடினான்' என்னும் தொடரை எடுத்துக்கொள்க. முதலிரண்டும் வினையெச்சம், மூன்றாவதே முற்று. எச்சங்கள் இரண்டும் முற்றை நோக்கி நிற்பன. முற்று வாராவிடில் அவற்றுக்குப் பொருள் நிரம்பாது. கடலிலே முதல்வனாய்க் கரையேறி, மலையிலே முதல்வனாய் உச்சி தொட்டு, ஓட்டத்திலே கால் சோர்ந்து உட்கார்ந்தவனுடைய வாக்கியம் எச்சத்தோடு நின்றுவிட்ட வாக்கியமே. இந்த இலக்கணத்தை மனத்திலே பதித்துக்கொண்டவனுக்கு ஆயத்தஞ் செய்யும் முறையிற் பாதி விளங்கிவிடும்.

வரலாறு நெடியதன்று. 1974 ஆம் ஆண்டு செப்டெம்பர் மாதம் 25 ஆம் நாள் கலிபோர்னியாவிலுள்ள சான் டியாகோ நகரின் குடாவொன்றிலே ஓட்டக்காரர் சிலர் கூடி முதன்முதலில் இப்பெயரில் ஒரு போட்டி வைத்தனர். 1978 பெப்ரவரியில் ஹவாய்த் தீவிலே 'அயன்மான்' என்னும் பெரும் போட்டி தொடங்கிற்று. அன்று புறப்பட்டோர் 15 பேர். முடித்தோர் 12 பேர். 2000 ஆம் ஆண்டு சிட்னியில் இது ஒலிம்பிக்கினுள் புகுந்தது. எமது நாட்டில் 2018 பெப்ரவரி 25 இல் அயன்மானின் அரைத் தூரப் போட்டி கொழும்பிலே நடந்தது: 1.9 கிலோமீற்றர் நீச்சல், 90 கிலோமீற்றர் சவாரி, 21.1 கிலோமீற்றர் ஓட்டம்.

இத்தூரங்களைக் கேட்டு மாணவர் அஞ்சிவிடுகின்றனர். அஞ்ச வேண்டுவதில்லை. 'ஸ்பிரின்ட்' எனப்படும் குறுவகை ஒன்று உண்டு. 750 மீற்றர் நீந்தி, 20 கிலோமீற்றர் மிதித்து, 5 கிலோமீற்றர் ஓடினாற் போதும். 2022 இல் பர்மிங்காம் நகரில் நடந்த பொதுநலவாய விளையாட்டு விழாவிலே தனியாள் போட்டிகள் இக்குறுவகையாகவே வைக்கப்பட்டன. ஆகவே இது சிறுவர்க்குரிய இரண்டாந்தரப் பொருளன்று. உயர்தர வகுப்பு மாணவனொருவன் முறையாகப் பழகின் இரண்டு மணி நேரத்துள் முடித்துவிடலாம். பொழுது முழுதும் புத்தகத்துக்கே ஈந்து உடம்பை மறந்திருக்கும் எம் பிள்ளைகளுக்கு இது பொருத்தமான அளவு என்பது என் கருத்து.

இனி, எந்தப் போட்டியைத் தேர்வது? கல்முனை, சாய்ந்தமருது, நிந்தவூர், அக்கரைப்பற்று என நீளும் எம் கரையோரம் உள்ளங்கை போலத் தட்டையானது. நெய்தலையடுத்து மருதம், மலை என்பது மேற்றிசையிலே நீல நிழலாகத் தெரியும் பொருள். இங்கே பிறந்தவன் சமதரைப் போட்டியையே தேடுதல் இயல்பு. ஆயினும் இந்நாட்டின் நடுவிடமெல்லாம் மலை. அயல்நாட்டுப் போட்டிகளிலும் மேடு பள்ளம் மலிந்தவை பல. மலைக்கு அஞ்சுபவன் போட்டிகளிற் பலவற்றை வாயிலிலேயே இழந்துவிடுகின்றான். இதற்கு மேலும் ஒன்று சொல்வேன். நெய்தல் மக்கள் குறிஞ்சி ஏறுதல் புதிய செய்தியுமன்று. சங்கச் செய்யுட்களில் வரும் உமணர் உப்பை ஏற்றிக்கொண்டு உள்நாடு சென்றோர். எம் முன்னோரும் பொதிமாடுகளின் வரிசையாகிய 'தவளம்' ஓட்டி, உப்பும் கருவாடும் கொண்டு கண்டி நாட்டு மலைகளில் ஏறிப் பாக்குக் கொண்டு மீண்டோர். அவர்கள் ஏறியது வயிற்றுக்காக; நம் பிள்ளைகள் ஏறுவது விருப்புக்காக. கால் ஒன்றே.

சிறு தீவிலே பிறந்தவர் மலைப் போட்டியில் என் செய்ய முடியும் என்று கேட்போர்க்குப் பெர்முடாவைக் காட்டலாம். அத்திலாந்திக் கடலிலே ஏறக்குறைய 53 சதுர கிலோமீற்றர் பரப்புடைய தீவு அது. குடிகள் 65,000 பேருக்கும் குறைவு. எம் கல்முனை மாநகர எல்லைக்குள் வாழ்வோர் அதனினும் மிக்கார். அத்தீவிற் பிறந்த புளோரா டஃபி என்னும் பெண், 2018 இல் தன் ஊரிலேயே நடந்த உலகத் தொடர்ப் போட்டியில் வென்றாள். ஒவ்வொரு சுற்றிலும் 'கோர்க்ஸ்க்ரூ' என்னும் திருகுமேட்டை ஏறியிறங்க வேண்டிய தடம் அது. 2020 ஆம் ஆண்டுக்குரியதாய் 2021 இல் தோக்கியோவிலே நடந்த ஒலிம்பிக்கில் அவள் பெற்ற தங்கமே அத்தீவின் முதல் ஒலிம்பிக் தங்கம்.

போட்டியைத் தேர்பவன் முதலிற் பார்க்க வேண்டுவது தடத்தின் ஏற்ற வரைபடம். 'மொத்த ஏற்றம் 300 மீற்றர்' என்று மட்டும் எழுதியிருப்பின் அது பாதிச் செய்தியே. அந்த 300 மீற்றரும் ஒரே நீண்ட ஏற்றமாய் வருகின்றதா, பத்துச் சிறு மேடுகளாய்ச் சிதறிக் கிடக்கின்றதா என்பது மற்றைப் பாதி. நூறு மீற்றர் செல்ல ஐந்து மீற்றர் உயரும் ஒரே சீரான பாதை, பழகாதவனுக்கும் இணங்கும். ஒருமுறை மூச்சை வசப்படுத்தினால் அவ்வாறே சென்றுகொண்டிருக்கலாம். பன்னிரண்டு மீற்றர் உயரும் சிறு செங்குத்துகள் அடுத்தடுத்து வரும் தடம் அவ்வாறன்று. ஒவ்வொரு மேடும் தொடையிலிருந்து ஒரு வரி வசூலித்துக்கொண்டே போகும். கரையோரத்தான் முதற் போட்டிக்குச் சீரான ஏற்றமுள்ளதைத் தேர்க. ஒரே தடத்தைப் பல சுற்றாகச் சுற்றும் போட்டியாயின் மிக நன்று. முதற் சுற்றிலே கண்ட வளைவை இரண்டாஞ் சுற்றிலே அஞ்ச வேண்டியதில்லை.

நீர் எத்தகையது என்பதையும் கேட்டறிதல் வேண்டும். எம் கடல்நீர் எக்காலமும் வெதுவெதுப்பானது. மலைநாட்டு வாவியோ குளிர்ந்தது. நுவரெலியா கடல்மட்டத்துக்கு மேல் 1,868 மீற்றர் உயரத்தில் உள்ளது. அங்கே காற்றின் அமுக்கம் கரையோரத்ததில் ஐந்தில் நான்கு பங்கே. அத்தகைய உயரத்திற் போட்டியிடுபவன் இரண்டு மூன்று நாள் முன்னரே சென்று, குளிர்நீரில் முகம் அமிழ்த்தி மூச்சு விட்டுப் பழகிக்கொள்ளுதல் அவசியம். குளிர்நீர் முகத்தில் பட்டதும் மூச்சுத் திணறுவது உடம்பின் இயற்கை. அதனைப் போட்டி நாளில் முதன்முதலாகச் சந்தித்தல் கூடாது.

மலையேற்றத்தைக் கணக்கினால் விளக்கினால் மாணவர்க்கு எளிதிற் புரியும். இரண்டு கிலோமீற்றர் ஏற்றமும் அதே இரண்டு கிலோமீற்றர் இறக்கமும் உள்ள பாதையொன்று. ஏறும் வேகம் மணிக்கு 10 கிலோமீற்றர். இறங்கும் வேகம் 40. ஏற 12 நிமிடம், இறங்க 3 நிமிடம். சராசரி வேகம் இருபத்தைந்து என்று அவசரக்காரன் சொல்லுவான். உண்மையிலே நான்கு கிலோமீற்றருக்குப் பதினைந்து நிமிடம், அதாவது மணிக்கு 16 கிலோமீற்றர். இப்போது ஏறும் வேகத்தைப் பன்னிரண்டாக்குக. இரண்டு நிமிடம் மிச்சம். மாறாக, இறங்கும் வேகத்தை ஐம்பதாக்குக. உயிரைப் பணயம் வைத்துக் கிடைப்பது 36 விநாடி. காலம் கிடைப்பது ஏற்றத்தில். கை கால் முறிவது இறக்கத்தில். இவ்வொரு கணக்கை விளங்கிக்கொண்டவன் இறக்கத்திலே வீரம் காட்டான்.

வண்டியின் பாரமும் இங்ஙனமே. எமது ஊர்களில் வழங்கும் பழைய கறுப்பு வண்டி ஏறத்தாழ 19 கிலோ. போட்டி வண்டி ஒன்பது கிலோ. அறுபது கிலோ எடையுள்ள மாணவன் அதனோடு சேர்ந்து 79 கிலோ. இதனோடு சேர்ந்து 69. சமதரையில் இவ்வேறுபாடு பெரிதாய்த் தோன்றாது. மேட்டிலோ, ஒவ்வொரு மீற்றர் உயர்வுக்கும் ஏறத்தாழ ஏழில் ஒரு பங்கு வேலை கூடுகின்றது. அதனினும் முக்கியம் பல்லிணை. முன்னே 44 பல்லும் பின்னே 18 பல்லுமாய் ஒரே இணையுடைய வண்டியில் ஒருமுறை மிதித்தால் ஐந்து மீற்றருக்கு மேல் உருளும். செங்குத்தில் இறங்கித் தள்ளுவதுதான் வழி. முன்னே 34, பின்னே 32 என்னும் இணையில் ஒரு மிதிக்கு இரண்டே கால் மீற்றர் அளவே உருளும். நிமிடத்துக்கு எழுபது மிதி மிதித்தால் மணிக்கு ஒன்பது கிலோமீற்றருக்குச் சற்று மேல். மெதுவென்று நகைப்பவர் நகைக்கட்டும். இருக்கையில் அமர்ந்தபடியே உச்சி சேர்பவன் அவனே. புதுவண்டி வாங்க வசதியில்லாத வீட்டுப் பிள்ளை முழு வண்டிக்குக் கடன்படுதல் வேண்டா. இயலுமாயின் பின் பற்சக்கரத்தை மட்டும் மாற்றிக்கொள்க.

மலை இல்லாத ஊரில் மலைப் பயிற்சி எங்ஙனம்? இயற்கை எமக்கு ஒரு மலையைத் தந்துள்ளது. அதன் பெயர் கச்சான். வைகாசி தொடங்கி ஆவணி வரையும் மேற்கிலிருந்து வயல்வெளியின்மீது வீசும் அந்த வறண்ட காற்றை வேளாண்மைக்காரர் வைவதைக் கேட்டிருப்பீர்கள். காரைதீவுச் சந்தியிலிருந்து மாவடிப்பள்ளி, சம்மாந்துறை வழியாக அம்பாறையை நோக்கிக் கச்சானுக்கு எதிர்முகமாக ஒருமுறை மிதித்துப் பார்த்தவனுக்கு மலை என்பது யாது என்று கற்பிக்க வேண்டுவதில்லை. காற்றுக்கும் மேட்டுக்கும் உள்ள ஒற்றுமை, இரண்டும் ஓய்வு தாரா என்பது. வேற்றுமை, காற்று குனிந்தவனுக்கு இரங்கும், மேடு இரங்காது. ஆகையால் காற்றிலே பயில்பவனும் மாதம் இருமுறையாவது உண்மை மேட்டைக் காணுதல் நன்று. மகாஓயா கடந்து பிபிலைக்கு மேலே லுணுகலை, பசறை என்று பதுளை வீதி ஏறத் தொடங்குகின்றது. பொத்துவில் வழியாகச் செல்வோர்க்கு வெல்லவாயவிலிருந்து எல்ல வரை உள்ள ஏற்றம் போதும் போதும் என்னும். விடியற்காலையிலே, துணையோடு செல்க. பேருந்து ஓடும் வீதி போட்டித் தடம் அன்று.

எவ்வளவு விசையோடு ஏறுவது என்று பலரும் கேட்கின்றனர். இதயத்துடிப்பை அளக்கும் கருவிகள் இப்போது கைக்கடிகாரத்திலேயே வந்துவிட்டன. அவை இல்லாதவனுக்குத் தமிழாசிரியன் ஒரு கருவி தருவேன். ஏறிக்கொண்டே ஒரு குறளைச் சொல்லிப் பார். முதலடியை ஒரு மூச்சிலும் இரண்டாமடியை ஒரு மூச்சிலும் சொல்ல முடிந்தால் உன் விசை சரியானது. இரண்டாமடியின் மூன்று சீர்க்கு மூன்று மூச்சு வேண்டியிருப்பின் நீ ஓட்டத்துக்குரிய முதலைச் செலவழித்துக்கொண்டிருக்கின்றாய். வெண்பா முழுவதையும் ஒரே மூச்சிற் சொல்ல முடிந்தால் சோம்பல்!

இதுவரை எழுதியது எளிதான பகுதி. கடலைப் பற்றிப் பேசாமல் இக்கட்டுரை நிறைவுறாது. அது எழுதுதற்கு அரிது.

2004 டிசெம்பர் 26 ஆம் நாள் எம் கரையில் நிகழ்ந்ததை எவரும் மறக்கவில்லை. இலங்கை மாவட்டங்களுள் உயிரிழப்பு மிகுந்தது அம்பாறை. பத்தாயிரத்துக்கு மேற்பட்டோர் மாண்டனர். மருதமுனையிலும் கல்முனைக்குடியிலும் சாய்ந்தமருதிலும் கடற்கரையை அடுத்த வளவுகள் துடைத்தெடுக்கப்பட்டன. அதன் பின்னர் பிறந்த பிள்ளைகள் கடலுக்கு நூறு யார் தொலைவில் வளர்ந்தும் நீந்தத் தெரியாதவர். பெற்றோர் விடுவதில்லை. மூவினைப் போட்டிக்கு ஆசைப்பட்ட மாணவனொருவனின் தாய் என்னிடம் வந்து, "சேர், என்ட வாப்பாவயும் தங்கச்சியயும் கொண்டுபோன கடல். அதுக்குள்ள என்ட புள்ளய நானே அனுப்பட்டா?" என்று கேட்டார். அவருக்குச் சொல்ல என்னிடம் நூலறிவு ஒன்றும் இருக்கவில்லை. ஆழிப்பேரலைக்கு முன்னே நீச்சல் தெரிந்தவனும் தெரியாதவனும் ஒன்றே என்பதை அவரும் அறிவார், யானும் அறிவேன். ஆனால் அலை வந்தது ஒரு நாள். பிள்ளைகள் தோணாவிலும் முகத்துவாரத்திலும் வாய்க்காலிலும் தவறி விழுவது எந்நாளும் நிகழக்கூடியது. அந்நாட்களில் நீச்சல் தெரிந்தவன் கரையேறுவான். இதனையே சொன்னேன். அவர் மறுமொழி கூறாது சென்றார். ஒரு கிழமை கழித்து, மகனின் மாமன் தோணியோடு உடன் வருவாராயின் சம்மதம் என்று சொல்லியனுப்பினார்.

அத்தாய் விதித்த நிபந்தனையைவிடச் சிறந்த பாதுகாப்பு விதி எந்த நூலிலும் இல்லை. தனியே நீந்தற்க. மூவினைப் போட்டியில் ஆபத்து எங்கே உள்ளது என்று அமெரிக்க வைத்தியர்கள் ஆராய்ந்திருக்கின்றனர். 1985 தொடக்கம் 2016 வரை அந்நாட்டுப் போட்டிகளில் நிகழ்ந்த மரணமும் இதய நிறுத்தமுமாகிய 135 நிகழ்ச்சிகளில் 90 நீச்சலின்போது நேர்ந்தவை. மலையிலுமன்று, ஓட்டத்திலுமன்று. நெஞ்சுநோவோ மயக்கமோ குடும்பத்தில் இளவயது மாரடைப்போ உள்ளவன் வைத்தியரைக் காணாமல் நீரில் இறங்குதல் ஆகாது. 1954 இலே பாக்கு நீரிணையை முதன்முதல் நீந்திக் கடந்த நவரத்தினசாமியையும், 1971 இலே அதனைப் போக வர நீந்திய ஆழிக்குமரன் ஆனந்தனையும் ஈழத்தமிழர் போற்றுவர். ஆனந்தன் 1979 இலே கொழும்பு விகாரமகாதேவி பூங்காவைச் சுற்றி 187 மணி நேரத்துக்கு மேல் ஓயாது சைக்கிளும் மிதித்தவர். அவ்வளவு பெரிய நீச்சல்வீரரை 1984 இலே ஆங்கிலக் கால்வாயின் நீர் கொண்டுபோயிற்று. கடலை அறிந்தவனுக்கும் கடல் கடலே.

ஆகவே காலம் பார்க்க வேண்டும். வாடைக் காற்று வீசும் கார்த்திகை முதல் தை வரையும் எம் கடலில் நீச்சற் பயிற்சி வேண்டா. சித்திரைக்குப் பின் கடல் அமைதியுறும். அப்போதும் சுபஹுத் தொழுகை முடிந்த வேளையே உகந்தது. கரைக்கு இணையாக, கழுத்தளவு நீரில் நீந்துக; ஆழத்தை நோக்கி நீந்துவதால் திறமை கூடுவதில்லை. இழுநீரில் அகப்பட்டவன் கரையை நோக்கிப் போராடினால் களைத்து மாள்வான். கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நீந்தி அதனைவிட்டு விலகி, பின்னரே கரை நோக்க வேண்டும். இதனை மீன்பிடிப்போர் எவரும் அறிவர். அவர்களிடம் கேட்டுப் படியுங்கள். குளங்களில் முதலை உண்டென்பதைச் சொல்லவும் வேண்டுமோ?

பெண்பிள்ளைகள் பற்றியும் இங்கே ஒரு சொல். உடை காரணமாக இவ்விளையாட்டு எமக்குரியதன்று என்று பலர் முடிவு கட்டிவிட்டனர். 2013 இலே இலண்டனில் நடந்த உலகச் சாம்பியன் போட்டியில் ஈரான் நாட்டின் சார்பில் ஷிரீன் கெராமி என்னும் பெண் உடலும் தலையும் மூடிய உடையோடு நீந்தி, மிதித்து, ஓடி முடித்தாள். அந்நாட்டின் சார்பாக மூவினைப் போட்டியிற் பங்குகொண்ட முதற் பெண் அவளே. 2016 இல் ஹவாயில் நெடும்போட்டியையும் முடித்தாள். எனவே தடை உடையில் இல்லை. மறைவான இடமும் பெண் பயிற்றுநரும் வேண்டும்; அவ்விரண்டையும் ஆக்கித் தருவது ஊரின் பெரியோர் கடன். அதனைச் செய்யாது பிள்ளைகளின் ஆர்வத்தைக் குறை கூறுதல் நீதியன்று.

ஆயத்தத்துக்குப் பன்னிரண்டு கிழமை போதும். கிழமைக்கு இருமுறை நீச்சல், இருமுறை சவாரி, இருமுறை ஓட்டம், வெள்ளிக்கிழமை ஓய்வு. நோன்பு மாதத்தில் திறமை கூட்ட எண்ணற்க. இருந்ததைக் காத்தலே அம்மாதத்தின் நோக்கம். நோன்பு திறந்து, தராவீஹ் முடிந்தபின் மெல்ல ஓடுவதோடு நிறுத்துக. ஓட்டப் பயிற்சிக்கு ஈரமணலும் தார்வீதியும் மாறி மாறி வரட்டும். மணல் கெண்டைக்காலை வலுப்படுத்தும். ஆனால் போட்டி மணலில் நடப்பதன்று.

இவையனைத்தினும் முக்கியமானது, சவாரி முடித்த கையோடு ஓடிப் பழகுதல். வண்டியிலிருந்து இறங்கியவுடன் கால்கள் நம்முடையனவாய் இரா. வேறொருவனிடம் இரவல் வாங்கியவை போல இருக்கும். மலைத் தடத்திலே இது இருமடங்கு. சனிக்கிழமைதோறும் சம்மாந்துறைச் சவாரி முடிந்து, வண்டியைச் சுவரில் சாத்திவிட்டு உடனே பத்து நிமிடம் ஓடுக. முதல் நான்கு நிமிடம் பொல்லாதவை. ஐந்தாவதில் கால்கள் வீடு திரும்பும். எட்டுப் பத்துத் தடவை இங்ஙனம் பழகியவன் போட்டி நாளில் அந்நான்கு நிமிடத்தையும் கலக்கமின்றிப் பொறுத்திருப்பான்.

இறங்குதலைத் தனியே பயில்க. வளைவுக்குள் நுழையுமுன்னரே இரு பிறேக்கையும் அளவாகப் பிடித்து வேகம் தணித்து, வளைவினுள்ளே கையை விட்டு, பார்வையைச் சில்லின்மீது வையாது வளைவின் முடிவிலே வைத்தல் வேண்டும். வளைவின் நடுவே பிறேக்கை இறுக்குபவனே விழுகின்றான். மழை பெய்த வீதியில் இலைச்சருகும் எண்ணெய்க் கறையும் கண்டால், முந்துபவனை முந்தவிடுக.

போட்டி நாளில் நீரிலிருந்து வண்டிக்கும் வண்டியிலிருந்து ஓட்டத்துக்கும் மாறும் இடத்திலே பல நிமிடம் வீணாவதைக் காணலாம். தலைக்கவசத்தின் வார் பூட்டிய பின்னரே வண்டியைத் தொட வேண்டும் என்பது விதி. மறந்தவனுக்குத் தண்டனை உண்டு. சப்பாத்துக்கு முடிச்சிடும் கயிற்றுக்குப் பதில் இழுபடும் கயிறு கோத்துக்கொள்வது நல்ல தந்திரம். எந்த வரிசையில் தன் வண்டி நிற்கின்றதென்று விடியற்காலையிலேயே இருமுறை நடந்து பார்த்துவைப்பவன், நீரிலிருந்து தலைசுற்ற வரும்போது திகைக்க மாட்டான்.

சிட்னியில் 2000 ஆம் ஆண்டு முதல் ஒலிம்பிக் தங்கம் பெற்ற கனடியர் சைமன் விட்ஃபீல்ட், சவாரியின்போது நேர்ந்த ஒரு விபத்திலே அகப்பட்டுப் பின்தங்கியவர். வண்டியைவிட்டு இறங்கியபோது அவருக்கு முன்னே இருபதுக்கு மேற்பட்டோர் ஓடிக்கொண்டிருந்தனர். பத்துக் கிலோமீற்றர் எஞ்சியிருந்தது. அவர் ஓடினார்.